பனிமலையில் வண்டிக்குள் ஓர் இரவு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியமும் இசையும் கேட்டு மகிழ வந்திருக்கும் இவ்வவையில், மோட்டார் வண்டிக்குள் உறங்குவதைப் பற்றி ஓர் உரை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். தலைநகரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுள், குளிர்கால விடுமுறையில் பனிமலை காணப் புறப்படாத குடும்பங்கள் இன்று மிகச் சிலவே. நம் பிள்ளைகளுள் பலர் பனிச்சறுக்கும் பயிலத் தொடங்கியுள்ளனர். சோலாங், நார்கண்டா, அவுலி, குல்மார்க் என்னும் பெயர்கள் குற்றாலம், கொடைக்கானல் போல நம் வீடுகளில் வழங்கலாயின. ஆதலின், அப்பயணங்களில் நேரக்கூடிய ஓர் இரவைப் பற்றி முன்கூட்டியே சிந்தித்து வைப்பது நம் கடமை எனக் கருதுகின்றோம்.

பனி என்ற சொல் நமக்குப் பழையது. ஆண்டை ஆறு பருவமாகப் பகுத்த நம் முன்னோர், அவற்றுள் இரண்டுக்கு முன்பனி, பின்பனி என்றே பெயரிட்டனர். ஆனால் அந்தப் பனி வேறு. அது மார்கழி விடியலில் புல் நுனியில் நின்று, ஞாயிறு எழுந்ததும் மறைவது. அதற்கு நம் பாட்டிமார் சொன்ன மருந்தும் எளியது: காதைப் பொத்திக்கொள், சன்னலைச் சாத்திக்கொள். இமயச் சாரலில் பெய்யும் பனியோ முழங்காலளவும் இடுப்பளவும் நிற்பது, வழியை மூடுவது, வண்டியையும் மூடுவது. அங்கும் நாம் பாட்டியின் மருந்தையே நாடுகின்றோம். கண்ணாடிகளை இறுக ஏற்றுகின்றோம். இஞ்சினை ஓடவிட்டு வெப்பக்காற்றைத் திருப்புகின்றோம். குழந்தைகளை அணைத்துக்கொண்டு கண்ணயர்கின்றோம். ஊரில் நம்மைக் காத்த அந்த வழக்கமே அங்கு நம் உயிருக்கு உலை வைக்கும். இன்று நாம் சொல்ல வந்த செய்தி இதுவே.

வண்டிக்குள் இரவு கழிக்கும் நிலை எவ்வாறு நேர்கின்றது? சிலர் விரும்பியே அவ்வாறு செய்கின்றனர். விடுமுறை நாட்களில் விடுதி கிடைப்பதில்லை. கிடைத்தாலும் வாடகை கட்டுபடியாவதில்லை. விடியற்காலையில் சறுக்குத் தளத்தில் முதல் ஆளாக நிற்க வேண்டுமென்ற ஆவலும் உண்டு. மற்றவர்க்கோ அந்நிலை தானே வந்து சேர்கின்றது. மணாலிக்கு வடக்கே 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. அதன்முன் குளிர்காலம் முழுதும் ரோதாங் கணவாய் மூடிக் கிடக்கும். லாஹௌல் பள்ளத்தாக்கை எட்ட இயலாது. இன்று காலையில் புறப்பட்டு மாலைக்குள் அங்குச் சென்று திரும்புகின்றனர். பனி வலுத்துவிட்டால், சென்ற அத்தனை வண்டிகளும் ஒற்றைச் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடும். 2024 டிசம்பர் இறுதியில் சோலாங் பகுதியில் அவ்வாறே ஆயிரக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொள்ள, காவல்துறையினர் பெருமுயற்சி செய்து அவர்களை மீட்டனர்.

எல்லா இரவும் அவ்வாறு நலமாக முடிவதில்லை. 2022 ஜனவரி 7-ஆம் நாள் இரவு, பாகிஸ்தானத்து மலைவாசத்தலமாகிய முர்ரியில் கடும் பனி பொழிந்தது. பனி காணச் சென்ற குடும்பங்கள் தத்தம் வண்டிகளுக்குள்ளேயே முடங்கின. விடிந்தபோது 22 பேர் மாண்டிருந்தனர். அவர்களுள் 10 பேர் குழந்தைகள். கடுங்குளிரோடு, வண்டிகளின் புகையும் இச்சாவுகளுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அங்குச் சென்றவர்கள் மலையேறும் வீரர்கள் அல்லர். நம்மைப் போல் விடுமுறைக்குச் சென்ற தாய்தந்தையர். வண்டி என்னும் கூரை இருந்தும் அவர்கள் பிழைக்கவில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்தப் புகையின் தன்மையைச் சற்று விளக்குவோம். எரிபொருள் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிப்பதுமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான பிணைப்போடு இந்த நச்சுவாயுவைப் பற்றிக்கொள்கின்றது. பற்றிய இடத்தில் பிராணவாயுவுக்கு இடமில்லாமற் போகின்றது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் பின்னே, சைலன்சர் குழாயின் வாயைப் பனி அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய புகை வண்டியின் அடியில் தேங்கி, கீழுள்ள சிறு இடைவெளிகள் வழியே உள்ளே கசிகின்றது. குழாய் அடைபடாவிடினும், சுற்றிலும் பனிச்சுவர் எழுந்துவிட்டால் நிலை ஏறக்குறைய அதுவே. புதிய வண்டிகளில் நச்சுப்புகையைக் குறைக்கும் அமைப்பு உண்டு என்று சிலர் ஆறுதல் கொள்வர். அவ்வமைப்பு நன்கு சூடேறிய பின்னரே முழுமையாக வேலை செய்யும். கடுங்குளிரில் விட்டுவிட்டு இஞ்சினை முடுக்குவோர்க்கு அது போதிய காவல் அன்று.

இதில் மலைநாட்டுக்கே உரிய ஓர் இடரும் உண்டு. தலைவலி, குமட்டல், சோர்வு, தள்ளாட்டம் ஆகியவை இந்நஞ்சின் முதற்குறிகள். உயரத்துக்குச் சென்றோர்க்கு வரும் மலைநோயின் குறிகளும் இவையே. 3,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். ஆதலால் அங்குத் தலை வலிப்பது இயல்பே என்று நினைத்து, "கொஞ்சம் தூங்கினால் சரியாகிவிடும்" என்று சொல்லிப் படுத்துவிடுகின்றனர். அந்தத் தூக்கமே அவர்களைத் தப்ப விடாமற் செய்கின்றது. வண்டியில் இருக்கும் இருவர்க்கோ மூவர்க்கோ ஒரே நேரத்தில் தலை வலித்தால், உடனே புகையை ஐயுறுக. இஞ்சினை நிறுத்தி, கதவைத் திறந்து, அனைவரும் வெளிக்காற்றுக்கு வருக. குழந்தைகள் விரைந்து மூச்சு விடுபவர்கள். நஞ்சு அவர்களையே முதலில் தாக்கும்.

இன்னொன்று. 2020, 2021-ஆம் ஆண்டுகளின் பெருந்தொற்றுக் காலத்தில் விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைக் காட்டும் சிறு கருவியை நம்மிற் பலர் வாங்கி வைத்தோம். பயணத்திலும் அதை எடுத்துச் செல்கின்றோம். அக்கருவிக்குப் பிராணவாயுவைப் பற்றிய இரத்தத்தையும் நச்சுவாயுவைப் பற்றிய இரத்தத்தையும் பிரித்தறியத் தெரியாது. அதில் 98 என்று தெரிவதைக் கண்டு அமைதி கொள்ளலாகாது. வெளிக்காற்றை மட்டும் சுவாசிப்பவர்க்கு, உடலில் ஏறிய நஞ்சு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். ஆதலின் மருத்துவமனையில் பிராணவாயு பெறுவது இன்றியமையாதது. உதவிக்கு 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

அவ்வாறாயின் குளிரை எப்படித் தாங்குவது? வண்டியைச் சூடாக்க முயலாமல் ஆளைச் சூடாக்க வேண்டும். வண்டி என்பது இரும்பும் கண்ணாடியும். இஞ்சினை நிறுத்திய சிறிது நேரத்திற்குள் பெற்ற வெப்பத்தையெல்லாம் இழந்துவிடும். உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும் என்பர். டில்லியில் 7 டிகிரியாக இருக்கும் இரவில், 2,500 மீட்டர் உயரத்தில் உறைநிலைக்குக் கீழே 8 டிகிரி அளவில் இருக்கக்கூடும். அங்கு நம்மைக் காப்பது, உடலின் வெப்பத்தை உடலோடு நிறுத்தும் போர்வையே.

முதலாவது, கீழே விரிப்பு. உடலின் கனத்தால் நசுங்கிய ரஜாய் கீழ்ப்புறத்தில் பயன்படாது. மேலே எத்தனை போர்த்தினும் குளிர் அடியிலிருந்து ஏறும். நுரைப்பாய் ஒன்றை விரித்து அதன்மேல் படுக்க வேண்டும். இரண்டாவது, ஆளுக்கொரு ஸ்லீப்பிங் பேக். அல்லது கம்பளியும் ரஜாயும். மூன்றாவது, உலர்ந்த ஆடை. பகலெல்லாம் சறுக்கி விளையாடி வியர்வையிலும் பனியிலும் நனைந்த உள்ளாடையையும் காலுறையையும் மாற்றாமல் உறங்குவது பெருந்தவறு. நான்காவது, தலைக்குக் குல்லாயும் கால்மாட்டில் வெந்நீர்ப் பையும். ஐந்தாவது, படுக்குமுன் வயிறார உணவு. கையருகே கடலை மிட்டாய், பேரீச்சம்பழம் போன்றவை. உணவே உடலின் விறகு. மது அருந்தினால் சூடேறும் என்பது மயக்கம். தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து உள்வெப்பம் வெளியே போவதையே குடிப்பவர் சூடென்று எண்ணுகின்றார்.

கண்ணாடிகளுக்கு உட்புறம் வெள்ளித்தாள் மறைப்பு வைக்கலாம். ஆயினும் காற்றடிக்காத பக்கத்தில் ஒரு கண்ணாடியை விரற்கடை அளவேனும் இறக்கி வைத்திருக்க வேண்டும். நால்வர் மூச்சு விடும் ஈரம் கண்ணாடியில் படிந்து உறையும், போர்வையை நனைக்கும், அடைபட்ட காற்றும் தலைவலி தரும். பனி தொடர்ந்து பெய்தால் அந்த இடுக்கும் மூடிப்போகும். ஆகையால் ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருந்து, மணிக்கொரு முறை வெளியே பார்த்துப் பனியைத் தள்ளிவிட வேண்டும். ஒரு சிறு மண்வெட்டி வண்டியில் இருத்தல் நலம்.

இஞ்சினை ஓட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், முதலில் இறங்கிச் சைலன்சரைச் சுற்றியுள்ள பனியை அகற்றுக, கண்ணாடியை இறக்குக, பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துக. அப்போது அனைவரும் விழித்திருக்க வேண்டும். இஞ்சின் ஓடும் வண்டியில் ஒருவரும் உறங்கலாகாது என்பதை ஒரு விரதம் போலக் கைக்கொள்க. நம் ஊரில் குமுட்டி என்றும் இவ்வூரில் அங்கீட்டி என்றும் வழங்கும் கரிநெருப்பையோ, எரிவாயு அடுப்பையோ வண்டிக்குள் எரிப்பது எவ்வகையிலும் கூடாது. மூடிய அறையில் அங்கீட்டி வைத்து உறங்கியோர் எழாத செய்தியைக் குளிர்காலந்தோறும் இந்நகரின் நாளிதழ்களில் படிக்கின்றோம். வண்டியோ அறையினும் சிறியது. மின்வண்டி வைத்திருப்போர்க்குப் புகையச்சம் இல்லை. ஆனால் வெப்பமூட்டி மின்சாரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். காலையில் மலையிறங்கத் தேவையானதைக் கணக்கிட்டு ஒதுக்கி வைக்க வேண்டும்.

வண்டியைப் பற்றியும் சில சொற்கள். மலைச்சரிவின் கீழும் பனி சரியும் பாதையிலும் நிறுத்தாதீர்கள். ஹாண்ட் பிரேக் உறைந்து பிடித்துக்கொள்ளக்கூடும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பதே மலைவாணர் வழக்கம். சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகாய் உறையும். லடாக் பகுதிக்காக, உறைநிலைக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் வெளியிட்டது இக்காரணம் பற்றியே. சமவெளியில் நிரப்பிய டீசலோடு உயரத்தில் இரவு தங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

இவை அனைத்தினும் மேலானது, அந்த இரவையே தவிர்ப்பது. வானிலை அறிவிப்பைப் பார்த்துப் புறப்படுவதும், காவலர் தடுத்த இடத்தில் வாதிடாமல் திரும்புவதும், பிற்பகலில் பனி தொடங்கியதும் கீழே இறங்குவதும் கோழைத்தனமல்ல. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டோமே, பிள்ளைகள் ஏமாந்து போவார்களே என்ற எண்ணம் அந்நேரத்தில் நம்மை முன்னே தள்ளும். அந்த எண்ணத்துக்கு இடங்கொடாமல் வண்டியைத் திருப்பச் சொல்லும் உரிமையைப் புறப்படும்போதே குடும்பத்தில் ஒருவர்க்கு அளித்துவிடுங்கள். அவர் சொன்னால் மறுபேச்சு இருக்கக்கூடாது.

முடிவாக நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். மின்கலத்தால் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கையடக்கமானது. அவற்றில் சிலவற்றை வாங்கிச் சங்க நூலகத்தில் வைத்து, நூல்களை இரவல் தருவது போலவே மலைக்குச் செல்லும் குடும்பங்களுக்குத் தரலாம். அதனுடன் ஒரு நுரைப்பாயும் மண்வெட்டியும் சேர்ந்தால் இன்னும் நன்று. புறப்படுவோர் தாம் செல்லும் வழியையும் திரும்பும் நாளையும் சங்கத்தில் எழுதி வைத்துச் செல்லட்டும். வரும் குளிர்காலத்திற்குள் இதனைச் செய்து முடிக்குமாறு செயற்குழுவை வேண்டுகின்றோம்.

நம் பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடட்டும். நம் முன்னோர் காணாத வெண்மலைகளைக் கண்ணாரக் காணட்டும். சென்றவர் அனைவரும் நலமே மீண்டு, அடுத்த ஆண்டு விழாவிலும் இவ்வரங்கில் நம்மோடு அமர வேண்டும் என்று வாழ்த்துகின்றோம்.