இலவசச் செய்திக்கு யார் விலை கொடுப்பது?



காப்பார், மேரு வட்டாரத்துத் தோட்டங்களில் இப்பொழுது கைப்பேசி இல்லாத வீடு அரிது. பெரட்டுக்குப் புறப்படுமுன்பே பிள்ளைகளும் பெரியவர்களும் அன்றைய செய்தியை அதில் பார்த்துவிடுகிறோம். பத்திரிகை வாங்கினால் காசு கொடுக்கவேண்டும். இணையத்தில் சும்மா படிக்கலாம் என்று எண்ணுகிறோம். ஆனால் செய்தி எழுதுகிறவருக்குச் சம்பளம் உண்டு. கணினிக்கும் மின்சாரத்திற்கும் செலவு உண்டு. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? விளம்பரம் மட்டுமே ஓர் இணையத்தளத்தை வாழவைக்குமா? இதைப்பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

இந்தக் கேள்விக்கான எடுத்துக்காட்டுகள் நம் வீட்டிலேயே இருக்கின்றன. மின்னல் பண்பலை அரசாங்க வானொலி. மக்களின் வரிப்பணத்தில் நடப்பது. ராகா தனியார் வானொலி. பாட்டுக்குப் பாட்டு இடையே வரும் விளம்பரந்தான் அதற்குச் சோறு போடுகிறது. ஆஸ்ட்ரோவின் பல அலைவரிசைகளைப் பார்க்க வேண்டுமானால் மாதக் கட்டணம் கட்டவேண்டும். வரி, விளம்பரம், சந்தா ஆகிய இந்த மூன்று வழிகளைத் தவிர, நன்கொடை என்று நான்காவது வழியும் உண்டு.

விளம்பர வழியின் கணக்கைப் பார்ப்போம். பேச்சுக்காக, ஓர் இணையத்தளத்திற்கு மாதம் 20,000 வெள்ளி செலவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு விளம்பரத்தை ஆயிரம் தடவை காட்டினால் ஐந்து வெள்ளி கிடைக்கிறது என்றும் கொள்வோம். அப்படியானால் 20,000 வெள்ளி சேர, மாதம் 40 இலட்சம் தடவை காட்டவேண்டும். மலேசிய இந்தியர் மொத்தமே ஏறத்தாழ 20 இலட்சம் பேர். கைக்குழந்தை முதல் கிழவர் வரை அத்தனை பேரும் மாதம் இரண்டு முறை வந்து பார்த்தால்தான் கணக்குச் சரிப்படும். அதே தளத்திற்கு மாதம் பத்து வெள்ளி சந்தா கட்டுகிறவர்கள் 2,000 பேர் இருந்தால் போதும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. இணைய விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு கூகள், பேஸ்புக் போன்ற மாபெரும் நிறுவனங்களுக்கே போய்விடுகிறது. எஞ்சியதைத்தான் மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்ப் பத்திரிகைகளும் இந்த இடியைத் தாங்கவேண்டியதாயிற்று. 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 95-ஆம் ஆண்டில், 2019 தொடக்கத்தில், நட்டம் தாங்காமல் நின்றுபோனது. தீபாவளி மலரில் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்கள் நிறைந்திருக்கும். ஆனால் தீபாவளி ஆண்டுக்கு ஒருமுறைதானே!

நம் நாட்டிலேயே நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இந்த வேறுபாட்டை நன்கு விளக்கும். 1999 நவம்பரில் ஸ்டீவன் கான், பிரேமேஷ் சந்திரன் ஆகிய இருவரும் ‘மலேசியாகினி’ என்ற இணையச் செய்தித்தளத்தைத் தொடங்கினார்கள். முதலில் எல்லாரும் கட்டணமின்றிப் படித்தார்கள். விளம்பர வருவாய் போதவில்லை. 2002-இல் சந்தா முறையைக் கொண்டுவந்தார்கள். இலவசமாகப் படித்துப் பழகியவர்கள் காசு கொடுப்பார்களா என்று பலர் ஐயப்பட்டார்கள். தளம் நிலைத்தது. 2021 பிப்ரவரியில், வாசகர் சிலர் எழுதிய கருத்துக்காக, நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்தின்பேரில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு 5 இலட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. ஒரே நாளுக்குள் வாசகர்கள் நன்கொடையாக அந்தத் தொகையைத் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

‘தி மலேசியன் இன்சைடர்’ என்ற மற்றொரு தளம் 2008-இல் தோன்றியது. அதைப் படிக்கக் கட்டணம் இல்லை. 2016 பிப்ரவரியில் அரசாங்க ஆணையம் அதை முடக்கியது. அடுத்த மாதமே தளம் மூடப்பட்டது. நட்டம் பெருகிவிட்டது என்று உரிமையாளர்கள் தெரிவித்தார்கள். படித்தவர்கள் ஏராளம், ஆனால் இக்கட்டு வந்தபோது கைகொடுக்கச் சந்தாதாரர் என்று ஒரு கூட்டம் அதற்கு இல்லை.

உலகப் புகழ்பெற்ற ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையும் 2011-இல் இணையப் பதிப்புக்குச் சந்தா கேட்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே வாசகர் தந்த பணம் விளம்பரப் பணத்தை மிஞ்சிவிட்டது.

“எங்களிடம் ஏது பணம்? சந்தா கட்டினால்தான் செய்தி என்றால் ஏழைக்குச் செய்தியே இல்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விளம்பரத்தின் பெரிய நன்மையே, அது ஏழையையும் படிக்க விடுகிறது என்பதுதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். விளம்பரம் கொடுப்பவர் வாங்கும் சக்தி உள்ளவரைத் தேடுகிறார். தோட்டத்து லயத்தில் தண்ணீர் வரவில்லை, தோட்டம் விற்பனையாகிறது, தமிழ்ப்பள்ளிக்கு நிலம் இல்லை என்ற செய்திகளால் எந்தக் கடைக்கும் வியாபாரம் பெருகாது. நடிகர் வீட்டுத் திருமணச் செய்திக்கோ இலட்சம் பேர் வருவார்கள். விளம்பரத்தை மட்டும் நம்பும் தளம், நாளடைவில் திருமணத்தை எழுதும், தண்ணீரை மறக்கும். நம்மைப்பற்றிய செய்தி வேண்டுமானால் அதன் செலவில் நமக்கும் ஒரு பங்கு வேண்டும்.

சிறு காசால் பெருங்காரியம் செய்வது நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டு நம்மவர் வேலையிழந்த காலத்தில், 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்குக்கு 100 வெள்ளி; அதையும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். அப்படிச் சேர்ந்த பணத்தில் தொழிலாளர்கள் தோட்டங்களுக்கே உடைமையாளர் ஆனார்கள்.

இங்கிலாந்தின் ‘கார்டியன்’ பத்திரிகை ஒரு நடுவழியைக் காட்டுகிறது. அதன் தளத்தை எவரும் படிக்கலாம், இயன்றவர் பணம் அனுப்புகிறார், இயலாதவரும் பயனடைகிறார். பட்டணத்தில் நல்ல வேலையில் இருக்கும் பிள்ளை கட்டும் பத்து வெள்ளி, தோட்டத்தில் இருக்கும் அப்பாவையும் படிக்கவைக்கும். அதனுடன் கிள்ளான் கடைக்காரர் தரும் விளம்பரமும் சேரலாம்.

ஆகவே, சினிமாவும் வேடிக்கையும் காட்டும் தளம் விளம்பரத்தால் பிழைக்கலாம். சிறு தொகையினராகிய நம் மொழியில் நம் வாழ்வை எழுதும் தளம் விளம்பரத்தை மட்டும் நம்பி நிற்க இயலாது. வாசகர் பணம் சோறு, விளம்பரம் கறி. கறி குறைந்தாலும் சோறு இருந்தால் பசி தீரும்.

இந்த வாரம் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். நீங்கள் படிக்கும் தளங்களில் எது தோட்டத்து மக்களைப்பற்றி உண்மையை எழுதுகிறது என்று பிள்ளைகளுடன் பேசுங்கள். அத்தகைய தளம் ஒன்று இருந்தால், அது நிற்க மாதம் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணக்கிடுங்கள். இரண்டு வெள்ளியானாலும் சரி.