குளத்துத் தண்ணீர் பச்சையானால்...

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், குழு ஊக்குநர்கள், பிரதிநிதிகள் முன்னிலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஓர் ஊக்குநர் கேட்டாங்க: "எங்க ஊர்க் குளம் பச்சை பெயின்ட் ஊத்தின மாதிரி ஆயிடுச்சு. மாடு குடிக்கலாமா? மயில்துத்தம் போட்டா சரியாயிடுமா?" எல்லா ஊருக்கும் வேண்டிய கேள்வி இது. அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசுகிறேன்.

அந்தப் பச்சைக்குப் பெரும்பாலும் காரணம் நீலப்பச்சைப் பாசி. பெயர்தான் பாசி, உண்மையில் அது ஒருவகை பாக்டீரியா. இது நமக்குப் புதிது இல்லை. நெல் வயலுக்கு உரமாகப் போடுகிறோம். அசோலா இலைக்குள் இருந்துகொண்டு தழைச்சத்தைப் பிடித்துக் கொடுப்பதும் இந்த இனம்தான். சில குழுக்கள் தொட்டியில் வளர்த்து விற்கும் சுருள்பாசியும் இதே குடும்பம். ஆகவே எல்லாமே விஷம் என்று பயப்பட வேண்டாம். ஆனால் குளத்தில் வருகிற சில வகைகள், முக்கியமாக மைக்ரோசிஸ்டிஸ் என்ற வகை, ஈரலைக் கெடுக்கும் விஷத்தை உண்டாக்கும்.

எப்போது விஷமாகிறது? நம்ம சோளத்தை நினைச்சுப் பாருங்க. முற்றின தட்டையை மாடு தின்றால் ஒன்றும் ஆகாது. மழையில்லாமல் வாடின இளம்பயிரை மேய்ந்தால் மாடு சுருண்டு விழுகிறது. பயிர் ஒன்றுதான், வளர்கிற நிலைமைதான் வேறு. பாசியும் அப்படித்தான். ஒரே வகைப் பாசியில் விஷம் உண்டாக்குவதும் உண்டு, உண்டாக்காததும் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. விஷம் உண்டாக்குகிற பாசியிலும் வெயில், சூடு, சத்து ஆகியவற்றைப் பொறுத்து விஷத்தின் அளவு கூடும், குறையும்.

மூன்று விஷயம் சேர்ந்தால் இந்தப் பாசி பெருகும். ஒன்று, ஓடாமல் தேங்கின தண்ணீர். இரண்டு, நல்ல வெயில், 25 டிகிரிக்கு மேல் சூடு. மூன்று, மணிச்சத்தும் தழைச்சத்தும். வெயிலை நாம் தடுக்க முடியாது. ஆனால் சத்து எங்கிருந்து வருகிறது? வயலில் போட்ட டி.ஏ.பி., யூரியா மழையில் கரைந்து வருகிறது. சாணி, சாக்கடை, சலவைத் தண்ணீர் எல்லாம் குளத்துக்கே போகிறது. மைக்ரோசிஸ்டிஸின் விஷத்தில் தழைச்சத்து அதிகம். அதனால் தண்ணீரில் தழைச்சத்து தாராளமாக இருந்தால் விஷமும் அதிகமாக உண்டாகலாம்.

இன்னொரு ஆபத்து. இந்தப் பாசி மேலே மிதக்கும். காற்று அதை ஒரு கரையில் கொண்டுபோய் ஒதுக்கும். நடுக்குளத்தில் கொஞ்சமாக இருப்பது கரையோரம் கஞ்சி மாதிரி திரண்டு நிற்கும். மாடு குடிப்பதும் பிள்ளைகள் இறங்குவதும் அந்தக் கரையில்தானே?

"கொதிக்க வச்சுக் குடிச்சா போதாதா?" என்று கேட்பீங்க. போதாது. அவரைக்குள் பருப்பு மாதிரி, விஷம் பெரும்பாலும் பாசியின் உடம்புக்குள் இருக்கிறது. கொதித்தால் பாசி உடையும், விஷம் தண்ணீரில் கலக்கும், ஆனால் அழியாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரக் குடிநீரில் இந்த விஷம் கலந்தபோது, 'குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்' என்றே அறிவித்தார்கள்.

இனி மயில்துத்தம். 1979இல் ஆஸ்திரேலியாவில் பாம் தீவு என்ற இடத்தில், குடிநீர் அணையில் பாசி வந்து தண்ணீர் நாறியது. பாசியைக் கொல்ல மயில்துத்தம் போட்டார்கள். சில நாளில் 148 பேர் படுத்துவிட்டார்கள். அதில் 138 பேர் குழந்தைகள். வாந்தி, ஈரல் வீக்கம், சிறுநீரகப் பாதிப்பு. முதலில் யாருக்கும் காரணம் புரியவில்லை. அந்த அணையில் வளர்ந்த ஒரு நீலப்பச்சைப் பாசி விஷமுள்ளது என்று சில வருஷம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். பாசி செத்தது, உள்ளே இருந்த விஷம் மொத்தமாகத் தண்ணீரில் இறங்கியது. ஆகவே சகோதரிகளே, குடிக்கிற குளத்தில் யார் சொன்னாலும் நாமாக மயில்துத்தம் போடக்கூடாது.

பிறகு என்ன செய்யலாம்?

* கண்ணாடி பாட்டிலில் குளத்துத் தண்ணீரை எடுத்து, ஆட்டாமல் ஓர் இரவு வையுங்கள். பச்சை மேலே வந்து வளையம் கட்டினால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அடியில் தங்கினால் பெரும்பாலும் வேறு பாசி. விஷம் உண்டா இல்லையா என்பதை ஆய்வுக்கூடம்தான் சொல்லும்.
* சந்தேகம் இருந்தால் குடிக்க, சமைக்க, குளிக்க அந்தத் தண்ணீர் வேண்டாம். மாட்டுக்கு ஆழ்குழாய்த் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுங்கள்.
* குடித்தவர்களுக்கு வாந்தி, வயிற்றுவலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்பதைச் சொல்லுங்கள்.
* சுருள்பாசி வளர்க்கும் குழுக்கள் தொட்டியில் குளத்துத் தண்ணீர் சேர்க்காதீங்க. தாய்ப்பாசியை நம்பிக்கையான இடத்தில் வாங்குங்க.
* குப்பைக்குழியைக் குளக்கரையிலிருந்து தள்ளி வையுங்கள். வரத்து வாய்க்கால் ஓரம் புல் வளரட்டும். சத்தை அது பிடித்துக்கொள்ளும்.
* கோடையில் வண்டலை எடுக்கக் கேளுங்கள். வருஷக்கணக்காகச் சேர்ந்த மணிச்சத்து அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. குளத்துக்குக் கேடான அதே வண்டல் வயலுக்கு உரம்.

இதில் கடைசி இரண்டும் ஒரு வீட்டால் ஆகாது, ஊர் சேர்ந்தால்தான் ஆகும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கிராம சபைக்குக் கொண்டுபோங்க. தண்ணீரைச் சோதித்துத் தரச் சொல்லியும் அங்கேயே எழுதிக் கேளுங்க. தண்ணீர் சுமக்கிறது நாம. அதைப் பற்றிக் கேள்வி கேட்கிற உரிமையும் நமக்குத்தான் முதலில்.