பழைய பிக்கப் வண்டியில் ஸ்டியரிங் ஆட்டம்

(வானொலிப் பேச்சு)



ஒரு காலத்தில் மாட்டு வண்டி செய்த வேலையை இன்றைக்குப் பல ஊர்களில் பழைய பிக்கப் வண்டிதான் செய்கிறது. உர மூட்டை வருவதும் அதில்தான், காய்கறி சந்தைக்குப் போவதும் அதில்தான். அந்த வண்டியில் என்ஜின் கோளாறு வந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். ஸ்டியரிங் கைவிட்டால் வண்டி நிற்காது. வாய்க்காலிலோ எதிரே வருகிற பஸ்ஸிலோ போய்த்தான் நிற்கும். அதனால் ஸ்டியரிங் ஆட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரி செய்வது என்று இன்றைக்குப் பார்ப்போம்.

“பழைய வண்டின்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்” என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. கொஞ்சம் என்றால் எவ்வளவு? அதை அளந்து பார்த்துவிடலாம். சமதளத்தில் முன் சக்கரங்கள் நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்துங்கள். ஸ்டியரிங் வளையத்தின் உச்சியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். முன் டயர் அசையத் தொடங்குகிற வரையில் இடப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். பிறகு அதே மாதிரி வலப்பக்கம் திருப்புங்கள். டயர் அசையாமல் அந்தக் கோடு மட்டும் எவ்வளவு தூரம் நகர்கிறதோ, அதுதான் ஆட்டம். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியாக இருந்தால், கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, என்ஜினை ஓடவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, இந்த ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. கடிகாரத்தில் 12-க்கும் 1-க்கும் இடையில் உள்ள அளவுதான் 30 டிகிரி. 40 சென்டிமீட்டர் வளையத்தில் அது சுமார் 10 சென்டிமீட்டர் வரும். ஆனால் அது கடைசி எல்லை. அதுவரைக்கும் போகலாம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். 5 சென்டிமீட்டரைத் தாண்டும்போதே வண்டிக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

அதற்கு முன் சுலபமானதைப் பார்த்துவிடுங்கள். முன் டயர் இரண்டிலும் காற்று சரியாக இருக்கிறதா? வீல் நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா? பின்பக்கம் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினாலும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஸ்டியரிங் லேசாகிவிடும். அதைத் தேய்மானம் என்று நினைத்துச் செலவு செய்யக் கூடாது.

சரி, தேய்மானம் எங்கே இருக்கிறது? மடைத் தண்ணீர் வயலுக்கு வந்து சேரவில்லை என்றால் என்ன செய்வோம்? வாய்க்கால் வழியே நடந்து போய் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று பார்ப்போம் அல்லவா? இதுவும் அப்படித்தான். கையின் விசை ஸ்டியரிங் தண்டு வழியாக ஸ்டியரிங் பெட்டிக்குப் போகிறது. பெட்டியிலிருந்து பிட்மேன் ஆர்ம், பிறகு டிராக் லிங்க், பிறகு டை ராடு, கடைசியில் சக்கரம். பழைய ஜீப் வகை வண்டிகள் சிலவற்றில் நடுவில் பெல் கிராங்க் என்று ஒன்றும் உண்டு. அதன் பின்னும் புஷ்ஷும் தேய்வது சகஜம்.

என்ஜினை நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஸ்டியரிங் பூட்டு உள்ள வண்டியில் சாவியைத் திருப்பிப் பூட்டை விடுவித்து வையுங்கள். வீட்டில் ஒருவரை உட்கார வைத்து, வளையத்தை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே பார்த்துக்கொண்டே ஒவ்வொரு இணைப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் அசையாமல் நின்றால், ஆட்டம் அந்த இணைப்பில்தான். ஸ்டியரிங் பெட்டியே சேஸியில் அசைகிறதா என்றும் பாருங்கள். பல வண்டிகளில் பெட்டியைப் பிடிக்கிற போல்ட்டு தளர்ந்திருக்கும், இறுக்கினால் போதும். அந்த இடத்தில் சேஸி விரிசல் விட்டிருந்தால் பட்டறைக்குத்தான் கொண்டு போக வேண்டும்.

அடுத்து சக்கரம். முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, கனத்த மரக்கட்டை அல்லது ஸ்டாண்டு கொடுத்து இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில். டயரை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால், டை ராடு முனைகளைப் பாருங்கள்.

இனிச் சரி செய்வது. தேய்ந்த டை ராடு முனையை மாற்றத்தான் வேண்டும். அதற்கு வெல்டிங் வைப்பதும், தகரம் மடித்துச் செருகுவதும் உயிரோடு விளையாடுவது. பழைய முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணிக்கொள்ளுங்கள். புதியதையும் அத்தனை சுற்றே ஏற்றுங்கள். நட்டை இறுக்கிய பின் ஸ்பிளிட் பின் ஓட்டை நேருக்கு வராவிட்டால், நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் புதியதாகவே இருக்கட்டும். மாட்டு வண்டிக்குக் கடையாணி எப்படியோ, இதற்கு அந்தப் பின் அப்படி. வேலை முடிந்ததும் சக்கர அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புது டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துபோகும்.

ஸ்டியரிங் பெட்டியை ஏன் கடைசியில் சொல்கிறேன் என்றால், பலரும் அதைத்தான் முதலில் தொடுகிறார்கள். பெட்டியின் மேல் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரூ இருக்கும். “அதை ஒரு திருப்பு திருப்பினா ஆட்டம் போயிடும்” என்பார்கள். போகும்தான். ஆனால் கோளாறு டை ராடில் இருந்தால் அது அப்படியே இருக்கும், பெட்டியும் கெடும். வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உள்ளே இருக்கும் பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும். ஓரத்தில் அவ்வளவு தேய்ந்திருக்காது. நடுவில் ஆட்டமே இல்லாதபடி இறுக்கினால் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் நேராகத் திரும்பி வராது. இது ஆட்டத்தைவிட மோசம்.

மற்ற எல்லா இணைப்பும் சரி என்று உறுதியான பிறகே அந்த ஸ்குரூவைத் தொடுங்கள். சக்கரம் நேராக இருக்கும்போது லாக் நட்டைத் தளர்த்தி, ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்புங்கள். பிறகு வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுழற்றிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் உடனே பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். சரியாக வந்ததும் லாக் நட்டை இறுக்க மறக்க வேண்டாம். கால் சுற்றுக்கும் அடங்கவில்லை என்றால் பெட்டியைப் பிரித்துப் பார்க்கிற வேலை. நல்ல மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கடைசியாக ஒன்று. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். சேறும் மண்ணும் ஊறினால் இரும்பு என்ன ஆகும்? டை ராடு முனைகளில் ரப்பர் உறை இருக்கும். இணைப்புகளுக்கு அந்த உறை இருக்க வேண்டும் என்று நான் சொன்ன அதே விதி சொல்கிறது. அது கிழிந்தால் உள்ளே சேறு போகும், கிரீஸ் வெளியே வரும், கொஞ்ச நாளில் இணைப்பு தேய்ந்துவிடும். சேற்று வயலுக்குப் போய் வந்தால் கழுவுங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள இடங்களில் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை கிரீஸ் அடியுங்கள். ஸ்டியரிங் பெட்டியில் ஆயில் அளவையும் பாருங்கள்.

மாதம் ஒருமுறை, பாரம் ஏற்றுவதற்கு முன், அந்த சாக்பீஸ் கோட்டைப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிஷ வேலைதான். அறுவடைக் காலத்தில் மூட்டைக்கு மேல் ஆளும் ஏறி உட்காருவது நம் ஊர்ப் பழக்கம். ஆட்டமுள்ள வண்டியில் அப்படி ஒருவரையும் ஏற்றாதீர்கள். ஆட்டம் இல்லாத வண்டியிலும் ஏற்றாமல் இருப்பதே நல்லது.