தண்ணீரைக் கேட்டு மயலினை அறிவது



ஒரத்தநாட்டுப் பக்கம் ஆடு வளர்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரு நோயிலிருந்து தொடங்குகிறேன். சினை ஆட்டுக்குத் தாமிரச் சத்து மிகவும் குறைந்துபோனால், பிறக்கும் குட்டி பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு தள்ளாடும். எலும்பிலோ தசையிலோ குறை இருக்காது. தண்டுவடத்தில் நரம்பிழைகளைச் சுற்றியிருக்க வேண்டிய மயலின் என்ற கொழுப்புப் படலம் சரியாக உருவாகியிருக்காது. கால்நடை மருத்துவத்தில் இது பழைய பாடம். அதைக் கற்பிக்க நம் ஊரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது.

நமக்கும் அதே மயலின்தான். அது சூழ்ந்த தடித்த இழையில் செய்தி நொடிக்கு 100 மீட்டர் வரை பாயும். அது இல்லாத மெல்லிய இழையில் ஏறக்குறைய 1 மீட்டர்தான். 1854-இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ மயலினுக்கு அந்தப் பெயரை வைத்தார். அதன்பிறகு நூறாண்டுக்கும் மேலாக, இறந்தவரின் மூளையைச் சீவிச் சாயமேற்றித்தான் அதைப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்த நோயாளிக்கு அதனால் என்ன பயன்? எம்.ஆர்.ஐ வந்த பிறகுதான் உயிருள்ள மூளையில் அதன் நிலையை அறிய முடிந்தது.

ஆனால் அந்தக் கருவியும் மயலினை நேராகப் பார்ப்பதில்லை. கொழுப்புப் படலத்திலிருந்து வரும் சமிக்ஞை, கருவி பிடிப்பதற்குள் அணைந்துவிடுகிறது. அதனால் அது தண்ணீரைக் கேட்கிறது. வாய்க்காலில் ஓடும் நீர் வேறு, களிமண் இடுக்கில் சிக்கிய ஈரம் வேறு என்பது டெல்டா விவசாயிக்குச் சொல்லவேண்டியதில்லை. மயலின் அடுக்குகளுக்கிடையே சிக்கிய நீரின் சமிக்ஞை நொடியில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கில் மங்கும். மற்ற நீருடையது சில மடங்கு நீடிக்கும். அந்த வேறுபாட்டை வைத்து 1994-இல் கனடாவின் வான்கூவரில் அலெக்ஸ் மெக்கே குழுவினர் மயலின் நீரைப் படமாக்கிக் காட்டினார்கள்.

வழக்கமாக மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேன் அவ்வளவு நுட்பமானதல்ல. அதில் தெரியும் வெள்ளைப் புள்ளி மயலின் அழிந்ததாலும் வரலாம், முதுமையாலும் இரத்தக் கொதிப்பாலும் வரலாம். படத்தை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். மருத்துவர் உங்கள் நடையையும் தொடுவுணர்வையும் சோதித்த பிறகே படத்துக்குப் பொருள் கிடைக்கும்.

மயலினைக் கெடுக்கும் வைட்டமின் பி12 குறைவும் அப்படி நடையிலும் தொடுவுணர்விலும் தெரிவதுதான். பால், முட்டை, மீன், இறைச்சி எதுவும் சேர்க்காதவர்களுக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நெடுநாள் எடுப்பவர்களுக்கும் அது வரக்கூடும். பாதம் மரத்துப்போகும், இருட்டில் நடை தடுமாறும். முதலில் இரத்தப் பரிசோதனை போதும். தண்டுவடத்தின் பின்பக்கம் ஸ்கேனில் வெண்கோடு தெரிந்தவர்களிலும், உரிய காலத்தில் ஊசி போட்டு அது மறைந்தவர்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டவர்களுக்குப் பழைய நடை பெரும்பாலும் முழுதாகத் திரும்புவதில்லை.