கெய்லிக் மக்களின் கூட்டு நடனம்



நடனம் என்றவுடன், மேடையில் ஒருவர் ஆடப் பலர் இருந்து பார்ப்பதே நம் மனக்கண்முன் தோன்றுகின்றது. வந்தோர் அனைவரையும் ஆட அழைக்கும் ஒரு நடன மரபைப் பற்றி இன்று நாம் சிந்திப்போமாக. அது அயர்லாந்து தேசத்துக் கெய்லிக் மக்களின் மரபாகும்.

அம்மரபிலே ஆடற்கூட்டத்தைக் கேய்லி என்பர். ஆதியில் அச்சொல்லுக்கு நடனம் என்ற பொருள் இல்லை. மாலை வேளையில் அயல்வீட்டுக்குச் சென்று அளவளாவுதலையே அது குறித்தது. அங்கே கதையும் பாட்டும் பிடில் இசையும் நிகழும். மனமும் இடமும் இருந்தால் ஆட்டமும் நிகழும். கோடைகாலத்தில் நாற்சந்திகளிற் கூடி ஆடுவதும் வழக்கமாயிருந்தது.

1893ஆம் ஆண்டில், தாய்மொழியைப் பேணும் நோக்குடன் கெய்லிக் சங்கம் நிறுவப்பட்டது. அதன் லண்டன் கிளையினர் 1897 ஒக்டோபரில் ஒரு மண்டபத்தில் நடன விழா நடத்தி, அதற்குக் கேய்லி என்று பெயரிட்டனர். அயல்வீட்டு உறவைக் குறித்த சொல், அந்நிய நகரத்தில் வாழ்ந்தோரை ஒன்றுகூட்டும் விழாவின் பெயராயிற்று.

‘லிமெரிக் மதில்கள்’ என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு சோடிகள் எதிரெதிரே நின்று ஆடுவர். ஒரு சுற்று முடிந்ததும் ஒருவரையொருவர் கடந்து சென்று அடுத்த சோடியைச் சந்திப்பர். இவ்வாறு, பேசிப் பழகாதவர்களும் கைகோத்து ஆட நேர்கின்றது. ஊரை ஒன்றாக்கும் வித்தை இதுவேயாகும்.

இம்மரபுக்கு இருவகைச் சோதனைகள் வந்தன. முதலாவது, அதனை நேசித்தவர்களாலேயே வந்தது. நான்கு சோடிகள் சதுரமாக நின்று ஆடும் ‘செற்’ நடனங்கள் பிரெஞ்சு ஆட்டத்திலிருந்து பிறந்தவை. ஆதலால் அவை அந்நியமானவை என்று கெய்லிக் சங்கத்தினர் ஒதுக்கினர். கிளேர், கெரி முதலிய பகுதிகளின் கிராம மக்களோ அவற்றைத் தம் இசைக்கும் அடிவைப்புக்கும் ஏற்பத் தமதாக்கி விட்டிருந்தனர். இரண்டாவது சோதனை சட்டத்தினால் வந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம், பொது நடன மண்டபங்களுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. பல இடங்களிற் பொலிசாரும் குருமாரும் அதனையே காட்டி, வீட்டு நடனங்களையும் தடுத்தனர். வேலை தேடி இளைஞர் கடல் கடந்தமையால் ஊர்களும் வெறுமையுற்றன.

ஆயினும் மரபு அழியவில்லை. 1951இல் பாரம்பரிய இசையை வளர்ப்பதற்கென ஒரு பெருஞ்சங்கம் தோன்றியது. 1980களில், அந்நியமென ஒதுக்கப்பட்ட அதே செற் நடனங்களைக் கற்பிக்கும் வகுப்புகள் நாடெங்கும் பெருகின. இன்று அவை அந்நாட்டின் அரிய செல்வமாகப் போற்றப்படுகின்றன.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ஒரு கலையின் பிறப்பை ஆராய்ந்து வாயிலை அடைத்தவர்கள் அதனைக் காக்கவில்லை; வீட்டிலும் சந்தியிலும் விடாது ஆடிய எளிய மக்களே காத்தனர். மரபைப் பேண விரும்பும் இளைஞர் சங்கம் எதுவாயினும், “இது தூயதா?” என்று கேட்பதற்கு முன்னர், “இதில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள்?” என்று கேட்குமாக. ஒதுங்கி நிற்பவரைக் கைப்பிடித்து அழைத்து வருவதே நம் முதற் கடமையாகும்.