கொட்டகைக்குள் ஒரு கார்

வீடியோ கேமில் ஓடும் ஒரு காரை நூறு பேருக்குக் கொடுத்தாலும் கோடிப் பேருக்குக் கொடுத்தாலும் அதை உருவாக்கியவருக்குச் செலவு ஒன்றுதான். இரும்பு வேண்டாம், ரப்பர் வேண்டாம், தொழிற்சாலையும் வேண்டாம். அப்படியிருந்தும் சில கார்களுக்கு அங்கே 'அரிய கார்' என்று பெயர். அவற்றைத் தேடி ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் மலையும் காடும் சுற்றுகிறார்கள். இல்லாத காருக்கு ஏன் இந்த அலைச்சல் என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்வி இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. ஒரு கார் எங்கோ ஒளிந்திருப்பதால் அரிதாகலாம். இந்த வாரம் விட்டால் கிடைக்காது என்பதாலும் அரிதாகலாம். முன்னது இடத்தால் வருவது, பின்னது நாளால் வருவது. முதலாவதற்காக அலைவதில் அர்த்தம் உண்டு. இரண்டாவது, தள்ளுபடி விற்பனையின் கடைசி நாள் அறிவிப்புக்குத் தூரத்து உறவு.

இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா ஊரிலுள்ள பிளேகிரவுண்ட் கேம்ஸ் நிறுவனம் 2012இல் 'ஃபோர்சா ஹொரைசன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. களம் அமெரிக்காவின் கொலராடோ. இது திறந்த உலக விளையாட்டு. அதாவது, பந்தயப் பாதையோடு நிற்காமல் நினைத்த திசையில் வண்டியைத் திருப்பலாம். அதில் ஒரு ஏற்பாடு: எங்கோ ஒரு பழைய கொட்டகையில் யாரோ மறந்துபோன கார் கிடக்கிறது என்று ஒரு வதந்தி காதில் விழும். வரைபடத்தில் ஒரு வட்டம் தோன்றும், அவ்வளவுதான். கொட்டகை அந்த வட்டத்துக்குள் எங்கே என்று சொல்லமாட்டார்கள். சாலையை விட்டு இறங்கி, மரங்களுக்கு நடுவே புகுந்து, வேலி ஓரமாகப் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தாலும் உடனே ஓட்ட முடியாது. மெக்கானிக் அதைச் சீர்செய்து தரும்வரை காத்திருக்க வேண்டும். இதற்குள் அந்தப் பகுதியின் மேடும் பள்ளமும் ஆட்டக்காரருக்கு அத்துப்படியாகியிருக்கும். பந்தயம் மட்டும் ஓடியவர் பார்த்தது சாலையைத்தான். தேடியவர் ஊரைப் பார்த்துவிட்டார்.

இப்படி மறந்துபோன கார் கிடைப்பது நிஜ உலகிலும் நடப்பதுதான். 2014இல் மேற்கு பிரான்சில் ரோஜே பயோன் என்பவரின் குடும்பப் பண்ணையில் சுமார் 60 பழைய கார்கள் கண்டெடுக்கப்பட்டன. பல துருப்பிடித்து உருக்குலைந்திருந்தன. அவற்றுக்கிடையே, பழைய பத்திரிகைக் கட்டுகளைச் சுமந்தபடி ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர் இருந்தது. ஒரு காலத்தில் நடிகர் அலென் டெலோன் வைத்திருந்த கார். 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் அது ஒரு கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது.

"அது உண்மையான அருமை, கேமில் இருப்பது யாரோ எழுதி வைத்த விதிதானே?" என்று கேட்கலாம். நிஜக் கார்களின் கதையையும் கொஞ்சம் கிளறிப் பார்ப்போம். ஃபெராரி 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே தயாரானது. அதே ஃபெராரி பின்னாளில் 'என்சோ' என்ற காரை 399 மட்டுமே செய்வோம் என்று கணக்குப் போட்டது. இன்னும் ஒன்று செய்து அதைப் போப்பாண்டவருக்கு அளித்தது. நானூற்றோடு நிறுத்தியது இரும்புத் தட்டுப்பாட்டால் அல்ல, நிறுவனத்தின் முடிவால். ஆக, விதியால் வந்த அருமை என்பதாலேயே ஒன்றைப் போலி என்று தள்ள முடியாது. அந்த விதி நம்மை என்ன செய்ய வைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

யாரும் திட்டமிடாமல் வந்த அருமையும் உண்டு. 2004இல் வந்த 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' ஓடிய பிளேஸ்டேஷன் 2 கருவியின் முதன்மை நினைவகம் வெறும் 32 மெகாபைட். எல்லாக் கார்களையும் ஒரே நேரத்தில் அதில் ஏற்ற முடியாது. ஒரு சமயத்தில் சில மாடல்கள்தான் தெருவில் ஓடும். எந்தப் பேட்டையில் எந்த வண்டி என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. விளையாட்டில் வரும் ஈஸ்டர் பேசின் துறைமுகத்தில் பத்துப் பத்தாக மூன்று பட்டியல்கள், மொத்தம் 30 வண்டிகளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் வேண்டுமென்றால் ஏழைத் தெருவில் காத்திருந்து பயனில்லை, ரோடியோ போன்ற பணக்காரப் பகுதிக்குப் போக வேண்டும். இயந்திரத்தின் ஏழ்மையே ஊரின் ஏற்றத்தாழ்வைப் படிக்க வைத்தது!

இப்போது நாளால் அரிதாகும் வகைக்கு வருவோம். 2018இல் பிரிட்டனைக் களமாகக் கொண்டு வந்த 'ஃபோர்சா ஹொரைசன் 4'இல் வியாழன்தோறும் பருவம் மாறும். 2024வரை, அந்த வாரத்துப் போட்டிகளை முடித்தால் ஒரு கார் பரிசாகக் கிடைத்தது. அவற்றில் பல, கேமின் கடையில் விற்பனைக்கு இல்லாதவை. தவறவிட்டவர் அது மறுபடி வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அல்லது ஏலத்தில் இரண்டு கோடி கிரெடிட்வரை கொட்ட வேண்டியிருந்தது. இதனால்தான் ஆட்டக்காரர்கள் வாராவாரம் திரும்பி வந்தார்கள், விளையாட்டு உயிரோடு இருந்தது என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான், வந்தார்கள். ஆனால் பலருக்கு அது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல் ஆகிவிட்டது. காரை அவர்கள் தேடவில்லை, நாட்காட்டிதான் அவர்களைத் துரத்தியது.

இடத்தால் வரும் அருமைக்கும் ஒரு பலவீனம் உண்டு. கொட்டகைகளின் இருப்பிடம் எல்லாமே இணையத்தில் கிடைக்கிறது. பார்த்துவிட்டு நேரே போனால் தேடல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இருக்கட்டும். குறுக்கெழுத்தின் விடை அடுத்த இதழில் வந்துவிடும் என்பதற்காக யாரும் இந்த வாரக் கட்டங்களை நிரப்பாமல் விடுவதில்லை. எட்டிப் பார்ப்பதா வேண்டாமா என்பது ஆட்டக்காரரின் கையில் இருக்கிறது. வார அட்டவணையில் அந்தச் சுதந்திரம் இல்லை.

'ஃபோர்சா ஹொரைசன் 4'க்கு 2024இல் புதிய வாரப் பட்டியல்கள் வருவது நின்றது. உரிம ஒப்பந்தங்கள் காலாவதியானதால் டிசம்பர் 15 அன்று விற்பனையும் முடிந்தது. முன்பே வாங்கியவர்கள் இன்றும் அதை ஆடலாம். கொட்டகைகளும் அதே மரங்களுக்குப் பின்னால்தான் நிற்கின்றன.