முடிவை எழுதி வைக்காத கதை



திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நாடகம் பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஸ்பெஷல் நாடகம் என்போம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், பபூனுக்கு மூன்றாவது ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அழைத்திருப்பார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பது கிடையாது. ஆனாலும் விடிய விடிய நாடகம் நடக்கும். எப்படி? 1867இல் பிறந்து 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக் கொடுத்த கதையமைப்பும் பாடல்களும் எல்லா நடிகர்களுக்கும் பாடம். தினைப்புனத்தில் வள்ளியும் நாரதரும் தர்க்கம் தொடங்கும் நேரத்தைக் கவனியுங்கள். அங்கே நாரதர் போடுகிற கேள்விக்கு வள்ளி என்ன பதில் சொல்லப்போகிறார் என்பது அந்த நிமிடத்தில்தான் பிறக்கும். கூட்டம் நிமிர்ந்து உட்காருவதும் அப்போதுதான்.

இன்று நான் பேச வந்த விளையாட்டுக்கு இதைவிடப் பக்கத்துச் சொந்தம் நம் ஊரில் கிடையாது. டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் என்று சொல்கிறார்கள். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நடத்துகிறவர், "ஆற்றங்கரைக்கு வந்துவிட்டீர்கள், வெள்ளம் ஓடுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்பார். ஒருவர் நீந்துகிறேன் என்பார், ஒருவர் பரிசல்காரரைத் தேடுகிறேன் என்பார். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டிப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் ஆட்டம். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயரில் இதை முதன்முதலாக அச்சிட்டு விற்றார்கள். ஒரு பெட்டி, உள்ளே மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு 1000 பெட்டிகள். இன்று உலகம் முழுக்க ஆடுகிறார்கள்.

ஆடுவதற்கு விதிப் புத்தகம் மட்டும் போதாது. யார் எங்கே இருக்கிறார்கள், என்ன சிக்கல், வரைபடம் எப்படி என்று சொல்லும் சாகசப் புத்தகங்கள் வேண்டும். அவற்றை எழுதுவதும், எழுதியதை மதிப்பிடுவதும் தனிக் கலைகள். இந்த இரண்டையும் நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

நல்ல சாகசத்தை எப்படி அடையாளம் காண்பது? நான் முதலில் பார்ப்பது, எழுதியவர் முடிவையும் எழுதி வைத்திருக்கிறாரா என்பதை. வள்ளி திருமணத்தில் தர்க்கம் எப்படிப் போனாலும் கடைசியில் முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் நடந்தே தீரும். இந்த விளையாட்டில் அந்த உறுதி இருக்கக் கூடாது. "அடுத்து நால்வரும் குகைக்குப் போகிறார்கள்" என்று ஒரு புத்தகத்தில் வரி இருந்தால் எனக்கு முகம் சுருங்கிவிடும். போகாவிட்டால்? குகைக்காவலனிடம் பேரம் பேசினால்? இரண்டு பேர் ஊருக்குத் திரும்பிவிட்டால்? நல்ல எழுத்தாளர் ஆட்களைத் தருகிறார், இடத்தைத் தருகிறார், யாருக்கு என்ன தேவை, யாருக்கு எதில் பயம் என்பதைத் தருகிறார். பிறகு கையை எடுத்துவிடுகிறார். நாவல் எழுதிப் பழகியவர்களுக்கு இது சுலபமாக வருவதில்லை. அழகான வருணனை இரண்டு பக்கம் ஓடும். நடத்துகிறவருக்கோ காவல்காரன் லஞ்சம் வாங்குவானா மாட்டானா என்ற ஒரு வரிதான் அவசரமாக வேண்டியிருக்கும். அந்த வரி அங்கே இருக்காது.

அதனால்தான் படித்துவிட்டு எழுதும் விமர்சனத்தை நான் அரை விமர்சனம் என்கிறேன். ஆடிப் பார்த்துத்தான் எழுத வேண்டும். சமையல் குறிப்பைப் படித்துவிட்டுக் குழம்பின் ருசியைச் சொல்ல முடியுமா?

அடுத்தது, பிறருடைய மண்ணை எடுத்துக் கையாளும் நேர்மை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்காக 1977இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற புத்தகத்தில் நம் ராட்சசன் இருக்கிறான். புலித்தலை, மேல்நாட்டுக் கோட்டு, வாயில் புகைக்குழாய். பாதிரியார் ஆசீர்வதித்த குறுக்குவில் அம்பு பட்டால் செத்துவிடுவான். இந்த உருவத்துக்கான தூண்டுதல் கைகாக்ஸுக்கு ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. ஓவியம் என்ற அளவில் அது அருமையான ஓவியம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் நம் மேடையில் இராவணன் வீணை வாசிப்பான், தம்பியை இழந்து கதறுவான். இரணிய நாடகத்தில் இரணியனுக்கு ஒரு தகப்பனின் தவிப்பு இருக்கிறது. அந்தத் தவிப்பைக் கொடுத்திருந்தால் ஆடுகிறவர்கள் ராட்சசனோடு பேசியிருப்பார்கள். தவிப்பு இல்லாத ராட்சசனை அம்பு எய்து கொல்லலாம், வேறெதுவும் செய்ய முடியாது. ஆக இது பண்பாட்டுக் குறை மட்டுமில்லை, விளையாட்டின் குறையும்கூட.

காலம் மாறியிருக்கிறது. அதே விளையாட்டுக்காக 2022இல் ஜர்னீஸ் த்ரூ த ரேடியன்ட் சிட்டடல் என்ற தொகுப்பு வந்தது. அதில் 13 சாகசங்கள். அவற்றில் ஒன்றை வங்காளத்தைச் சேர்ந்த எழுத்தாளர் மிமி மண்டல் எழுதினார், தன் மண்ணை அடியாக வைத்து. வங்காளம் வந்துவிட்டது. நம் பக்கம் எப்போது?

நம் பக்கம் என்றதும் திண்டுக்கல் பூட்டும் பிரியாணியும் எழுத வரும். கொஞ்சம் பொறுங்கள். பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். ஆனால் 1772ஆம் ஆண்டுக் கதையில் அந்தப் பூட்டைத் தொங்கவிட்டால் பொருந்தாது, அந்தத் தொழில் பின்னால் வந்தது. ஏன் 1772 என்கிறீர்களா? அந்த வருடம் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர் மனைவி வேலு நாச்சியார் மகளோடு தப்பி, நம் விருப்பாச்சிப் பாளையத்தில் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார். அதே வருடம் டிசம்பரில் பிரதானி தாண்டவராய பிள்ளை மைசூரின் ஐதர் அலிக்குக் கடிதம் எழுதி, 5000 குதிரைப்படையும் 5000 காலாட்படையும் கேட்டார். 1780இல்தான் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். இடையில் எட்டு வருடக் காத்திருப்பு. சாகசம் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல நிலம் எது?

நான் எழுதினால் நாச்சியாரை ஆடுகிறவர் யார் கையிலும் கொடுக்க மாட்டேன். அவர் ஒரே ஒரு காட்சியில் வரட்டும். ஆடுகிறவர்கள் சாதாரண ஆட்கள். ஒரு மாட்டு வியாபாரி, ஒரு வண்டிக்காரர், ஒரு நெசவாளிப் பெண், படையிலிருந்து ஓடிவந்த ஓர் இளைஞன். இவர்களைக் கற்பனையில் படைத்துக்கொள்ளலாம். கையில் ஓர் ஓலை. அது விருப்பாச்சியிலிருந்து மைசூராரின் திண்டுக்கல் மலைக்கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் குடகனாறு, வடகிழக்குப் பருவமழையின் கடைசித் தண்ணீர். தாடிக்கொம்புக் கோயிலில் தங்கலாம், ஆனால் அங்கே சிவகங்கையைத் தாக்கிய ஆற்காட்டு நவாப்பின் ஒற்றன் இருக்கலாம். சந்தைக் கூட்டத்தில் கலந்து போகலாம், ஆனால் மாட்டு வியாபாரிக்கு அங்கே பழைய கடன் ஒன்று பாக்கி. எந்த வழியில் போவார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாளையக்காரர் காலத்தை எழுதும்போது அதை ஒரு சாதியின் கொடியாக ஆக்கிவிடாதீர்கள். கோபால நாயக்கர் ஆங்கிலேயரை எதிர்த்து 1801இல் தூக்கிலேறியபோது அவரோடு நின்ற கூட்டணியில் பல வகைப்பட்டவர்கள் இருந்தார்கள். மேசையைச் சுற்றி உட்காரும் பிள்ளைகளும் பல வகைதான். அவர்களில் ஒருவர் கூசி ஒதுங்கும்படி ஒரு பாத்திரம் இருந்தால், விமர்சகர் அதைத் தயங்காமல் சுட்டிக்காட்ட வேண்டும்.

பகடைக்கு என்ன செய்வது? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இருபது முகப் பகடை உருட்டுவார்கள். நம் வீட்டிலோ தாயக்கட்டை இருக்கிறது. ஒரு கட்டையில் நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டையும் சேர்ந்து 16 விதமாக விழலாம். அதில் 3 விழுவது நான்கு விதம், அதுதான் அதிகம். தாயம் இரண்டு விதம், ஐந்து இரண்டு விதம், ஆறு ஒரு விதம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு, அதுவும் ஒரே விதம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று சிறுவயதிலிருந்தே நமக்குப் பழக்கம். அவற்றைக் கூட்டினால் 16க்கு 6, அதாவது மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதல். கடினமான காரியத்துக்கு இந்த நான்கும்தான் வெற்றி என்று வைக்கலாம். சுலபமான காரியம் என்றால் இரண்டு விழுந்தால் மட்டும் தோல்வி, அது 16க்கு 3. விதி இதற்குமேல் வேண்டியதில்லை. வெள்ளத்தில் ஓலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறவருக்காகத் தாயக்கட்டை உருளும்போது மேசையே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் கடைசியாக ஒரு வார்த்தை. பத்துப் பக்கத்துக்குள் எழுதுங்கள். ஒரு வரைபடம், ஐந்தாறு ஆட்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை. எழுதியதை நீங்களே நடத்தாதீர்கள். அதை இதுவரை பார்க்காத ஒருவரிடம் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்து குறிப்பெடுங்கள். அவர் எந்தப் பக்கத்தில் தடுமாறி உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதி, அடுத்த வாரம் வேறொரு கூட்டத்திடம் கொடுங்கள்.